மார்க் மட்டும் போதுமா?



ஆண்டு மலர் என்றால் கவிதை இருக்கும், ஜோக் இருக்கும், வாழ்த்துரை இருக்கும். நடுவில் நம்ம எல்லோருக்கும் பொதுவான ஒரு மனக்குறையையும் கொஞ்சம் பேசிவிடலாமே! அதுதான் டெஸ்ட் பேப்பர்.

டெஸ்ட் எழுதுகிறோம். ஒருநாள் பேப்பர் கைக்கு வருகிறது. மேலே வட்டம் போட்டு 50-க்கு 21. உள்ளே புரட்டினால் ஒரு டிக், ஒரு கோடு, ஓரத்தில் இரண்டரை. ஏன் இரண்டரை? மீதி எங்கே போச்சு? படம் தப்பா, ஃபார்முலா தப்பா, யூனிட் போடலையா? பேப்பர் வாய் திறந்து சொல்லாது. பக்கத்து பெஞ்சில் "உனக்கு எவ்வளவுடா?" என்று கேட்டுவிட்டு மடித்து நோட்டுக்குள் வைத்துவிடுகிறோம். சில சமயம் அடுத்த டெஸ்ட் முடிந்த பிறகுதான் முந்தின பேப்பரே வருகிறது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்!

ஏலக்காய்க்கு இருக்கும் கொடுப்பினை

நாம் போடிக்காரர்கள். ஏலக்காயை வைத்துச் சொன்னால் நமக்குச் சட்டென்று புரியும். நறுமணப் பொருள் வாரியத்தின் ஏல மையம் நம் ஊரில்தான் இருக்கிறது. 2007-ல் இ-ஏலம் வந்த பிறகு விலை கம்ப்யூட்டர் திரையில் ஏறுகிறது. ஆனால் அதற்கு முன் வியாபாரி சாம்பிளைக் கையில் கொட்டிப் பார்ப்பது மட்டும் மாறவில்லை. நிறம், பருமன், எடை, வெடிப்பு எல்லாவற்றையும் பார்த்துத்தான் விலை கேட்கிறார்.

அவர் சொல்லும் ஒவ்வொரு குறைக்கும் ஒரு காரணம் உண்டு. பச்சை நிறம் மங்கியிருந்தால் ஸ்டோரில் சூடு ஏறிவிட்டது. காய் சுருங்கி எடை குறைந்தால் முற்றாமல் பறித்துவிட்டார்கள். வெடித்திருந்தால் பறிக்கத் தாமதம். விலை குறைந்த வருத்தம் இருந்தாலும், அடுத்த எடுப்புக்கு என்ன செய்ய வேண்டும் என்பது தோட்டக்காரருக்குத் தெரிந்துவிடுகிறது. அதற்கு ஏறக்குறைய நாற்பது நாள் அவகாசமும் இருக்கிறது.

தரம் எது என்பதிலும் ஒளிவுமறைவு இல்லை. அக்மார்க் தரத்தில் ஏ.ஜி.இ.பி. என்றால் காய் 7 மில்லிமீட்டர், ஒரு லிட்டர் எடை 435 கிராம். ஏ.ஜி.பி. என்றால் 6 மில்லிமீட்டர், 415 கிராம். குடோனில் காய் தரம் பிரிக்கும் அக்காமார்களைக் கேட்டால் சல்லடை போடாமலே சொல்லிவிடுவார்கள். பத்து மார்க் கேள்விக்கு முழு மார்க் விடை எப்படி இருக்கும் என்று நம்மில் எத்தனை பேர் அப்படிச் சொல்ல முடியும்?

ஒர்க்‌ஷாப்பில் நடக்கிறது, வகுப்பில் நடக்கவில்லை

நம் கல்லூரிக்குள்ளேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. ஃபிட்டிங் ஷாப்பில் அரம் போட்டு ஜாபைக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். சார் ட்ரை ஸ்கொயரை வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிறார். இடுக்கில் வெளிச்சம் தெரிகிறது. "இந்த மூலையில இன்னும் கொஞ்சம் எடுப்பா" என்கிறார். திரும்ப வைஸில் மாட்டுகிறோம். அரை மணியில் ஜாப் சரியாகிறது.

இங்கே தரம் எதுவென்று தெரிகிறது, நம் வேலை எங்கே நிற்கிறது என்று தெரிகிறது, திருத்தவும் நேரம் இருக்கிறது. ஆஸ்திரேலியக் கல்வியாளர் ராய்ஸ் சேட்லர் 1989-ல் எழுதிய கட்டுரையில் மாணவன் முன்னேற வேண்டுமென்றால் இந்த மூன்றும் வேண்டும் என்றுதான் சொல்கிறார். தியரி பேப்பரில் நமக்குக் கிடைப்பது நடுவில் உள்ளதில் பாதி மட்டுமே!

அதற்கு முந்தைய வருடம், 1988-ல், ரூத் பட்லர் என்பவர் இஸ்ரேல் பள்ளி மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தி முடிவை வெளியிட்டார். ஒரு பிரிவுக்கு மார்க் மட்டும், ஒரு பிரிவுக்குக் குறிப்பு மட்டும், இன்னொரு பிரிவுக்கு இரண்டும். குறிப்பு மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள். இரண்டும் பெற்றவர்களோ மார்க் மட்டும் பெற்றவர்களைவிட மேலே போகவில்லை! காரணம் நமக்கே தெரியும். மார்க்கைப் பார்த்த பிறகு யார் குறிப்பைப் படிக்கிறார்கள்?

உரிமை இருக்கிறது, ஆனால் போதாது

சி.பி.எஸ்.இ. தொடர்பான வழக்கு ஒன்றில் 2011 ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம், திருத்திய விடைத்தாளும் 2005-ம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒரு தகவலே, எழுதிய மாணவர் அதைப் பார்க்கலாம், நகல் பெறலாம் என்று தீர்ப்பளித்தது. நம் டிப்ளமோ போர்டு எக்ஸாமிலும் பணம் கட்டி நகல் வாங்கலாம், மறுமதிப்பீடு கேட்கலாம். நல்ல விஷயம்தான். ஆனால் அது விட்டுப்போன மார்க்கைத் தேடும் வழி. விட்டுப்போன பாடத்தைத் தேட வேண்டிய இடம் வகுப்பு டெஸ்ட்தான். அங்கே கண்டுபிடிக்காத தவறு போர்டு எக்ஸாமில் அரியராக வந்து நிற்கிறது.

அரியர் என்பது நம்மில் பலருக்கு விளையாட்டு இல்லை. விடியற்காலையில் ஜீப்பில் நெருக்கியடித்துப் போடிமெட்டு ஏறி, காய் எடுக்கப் போய்விட்டு இருட்டிய பிறகு இறங்கி வரும் அம்மாவின் கூலியில்தான் நம் ஃபீஸ் கட்டப்படுகிறது. கேம்பஸ் இன்டர்வியூ வரும்போதும், பி.இ. இரண்டாம் வருடம் நேரடியாகச் சேர நினைக்கும்போதும் அந்த ஒரு பேப்பர் வந்து வழியை மறிக்கும்.

சார்கள் பக்கமும் பார்ப்போம்

ஒரு வகுப்பில் 60 பேர். ஒரு பேப்பருக்குப் பத்து நிமிஷம் குறிப்பு எழுதினால் 600 நிமிஷம், அதாவது பத்து மணி நேரம். இரண்டு மூன்று வகுப்பு, லேப், ரெக்கார்டு, அட்டெண்டன்ஸ் எல்லாம் பார்க்கும் ஆசிரியரிடம் இதைக் கேட்பது நியாயமில்லை. அதனால் முடிகிற காரியங்களை மட்டும் கேட்போம்:

1. பேப்பர் ஒரு வாரத்துக்குள் கைக்கு வரட்டும். நாம் என்ன எழுதினோம் என்று நமக்கே ஞாபகம் இருக்கும்போது வர வேண்டும்.

2. ஒவ்வொரு பேப்பரிலும் ஒரே ஒரு வரி. "யூனிட் விடாதே", "படத்தில் பாகங்களைக் குறி", "ஸ்டெப் தாண்டாதே". ஆளுக்கு ஒரு நிமிஷம் என்றாலும் 60 பேருக்கு ஒரு மணி நேரம்தான்.

3. வகுப்பில் பலரும் செய்த ஐந்து தவறுகளைப் போர்டில் எழுதிப் பத்து நிமிஷம் பேசட்டும். ஒரு நல்ல விடைத்தாளைப் பெயரை மறைத்து எல்லோருக்கும் காட்டட்டும்.

4. முதலில் குறிப்போடு பேப்பர், மறுநாள் மார்க். ஒரு பாடத்திலாவது ஒரு செமஸ்டர் செய்து பார்க்கலாமே!

நம் பங்கு

எல்லாவற்றையும் சார்கள் தலையில் கட்டிவிட்டுப் போனால் அது நியாயமாகாது. பேப்பர் வந்ததும் தப்பான ஒரு கணக்கையாவது அன்றைக்கே திரும்பப் போட வேண்டும். "சார், ஏன் மார்க் குறைச்சீங்க?" என்று கேட்டால் அது சண்டை. "சார், இதில் நான் எந்த ஸ்டெப்பில் வழி தவறினேன்?" என்று கேட்டால் அது படிப்பு. ஹாஸ்டலிலும் பஸ்ஸிலும் நண்பனின் பேப்பரை வாங்கி, எங்கே மார்க் விழுந்தது என்று சேர்ந்து பார்த்தால், கேள்வி கேட்கக் கூச்சப்படுகிற நண்பனுக்கும் உதவியாக இருக்கும்.

இந்த நாலு கோரிக்கைகளையும் நம் மாணவர் பேரவை வரும் வருடத்தின் முதல் கூட்டத்திலேயே துறைத் தலைவர்களிடம் பணிவோடு எடுத்துவைக்க வேண்டும். காசு பணம் கேட்கும் கோரிக்கை இல்லை இது. சிவப்புப் பேனா ஏற்கெனவே சார் கையில் இருக்கிறது. அதில் நமக்காக இன்னும் ஒரு வரி எழுதுங்கள் என்றுதான் கேட்கிறோம்!