கரையான் என்று சொன்னது யாருக்குக் கேட்டது?

2024 செப்டம்பர் 20ஆம் தேதி ஜார்கண்டின் சாகிப்கஞ்ச் மாவட்டத்தில் தேர்தல் பரப்புரை. ஆட்சிக்கு வந்தால் வங்கதேச ஊடுருவல்காரர்களைத் தலைகீழாகத் தொங்கவிட்டுச் சரிசெய்வோம் என்று ஒன்றிய உள்துறை அமைச்சர் அமித் ஷா பேசினார். மூன்று நாள் கழித்து, டாக்காவில் உள்ள இந்தியத் துணைத் தூதரிடம் வங்கதேச வெளியுறவு அமைச்சகம் கண்டனக் குறிப்பு ஒன்றைக் கொடுத்தது. பொறுப்பான பதவியில் இருப்பவர்கள் அண்டை நாட்டு மக்களைப் பற்றி இப்படிப் பேசினால் இரு நாடுகளுக்கும் இடையிலான மதிப்பு கெடும் என்பதுதான் அதன் சாரம். நம் ஊடகங்களில் அது பெட்டிச் செய்தியாக வந்து போனது. ஜார்கண்ட் தேர்தலில் பாஜக தோற்றது. அதோடு பேச்சும் மறந்துபோனது. இங்கேதான் மறந்தது, டாக்காவில் மறக்கவில்லை.

இதுபோன்ற பேச்சு வரும்போதெல்லாம் முற்போக்கு நண்பர்கள் பலர் 'ராஜதந்திரம் தெரியாதவர்கள்', 'நாவடக்கம் இல்லை', 'உலக அரங்கில் நாட்டின் மானம் போகிறது' என்று எழுதுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. இது நாவடக்கம் இல்லாத ஆட்களின் பேச்சல்ல. யாரிடம் நாவை அடக்க வேண்டும், யாரிடம் அடக்கத் தேவையில்லை என்று மிகத் துல்லியமாகக் கணக்குப் போட்டு வைத்திருப்பவர்களின் பேச்சு.

ஆதாரம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். 2022 மே மாதக் கடைசியில் பாஜகவின் தேசியச் செய்தித் தொடர்பாளர் ஒருவர் தொலைக்காட்சி விவாதத்தில் நபிகளை இழிவாகப் பேசினார். உள்நாட்டு முஸ்லிம்கள் பத்து நாள் கத்தியும் ஒன்றும் நடக்கவில்லை. ஜூன் 5ஆம் தேதி கத்தார், குவைத், ஈரான் ஆகிய நாடுகள் இந்தியத் தூதர்களை அழைத்துக் கண்டித்தன. அன்றே அவர் இடைநீக்கம் செய்யப்பட்டார். கத்தாரில் உள்ள இந்தியத் தூதரகம் அதெல்லாம் உதிரிகளின் கருத்து என்று விளக்கம் கொடுத்தது. ஆளும் கட்சியின் அதிகாரபூர்வச் செய்தித் தொடர்பாளர் ஒரே பகலில் உதிரியாகிவிட்டார்! எரிவாயுவும் எண்ணெயும் வருகிற திசை அது.

2025ஐ எடுத்துக்கொள்ளுங்கள். டிரம்ப் இந்தியப் பொருளாதாரத்தைச் செத்த பொருளாதாரம் என்றார். 50 விழுக்காடு வரி போட்டார். அவருடைய வர்த்தக ஆலோசகர் பீட்டர் நவாரோ உக்ரைன் போரையே மோடியின் போர் என்றார். ஒன்றிய அரசின் பதில்கள் அத்தனையும் அளந்து எடுத்த சொற்கள். தேச நலன், நியாயமற்றது, வருந்தத்தக்கது என்பதைத் தாண்டவில்லை. அதே நவாரோ, இந்திய மக்களைச் சுரண்டிப் பார்ப்பனர்கள் லாபம் பார்க்கிறார்கள் என்று ஒரு வார்த்தை விட்டபோது மட்டும் கட்சி பேதமில்லாமல் ஆங்கில ஊடகம் கொதித்தது. அவர் சொன்னது அமெரிக்காவின் பாஸ்டன் மேட்டுக்குடியைக் குறிக்கும் பழைய பொருளிலா, நம்மூர்ப் பொருளிலா என்று அகராதியைப் புரட்டியவர்களும் உண்டு. மனிதர்களைத் தலைகீழாகத் தொங்கவிடுவோம் என்ற சொல்லுக்கு யாரும் அகராதி புரட்டவில்லை.

அண்ணல் அம்பேத்கர் சாதியைப் படிநிலைப்பட்ட ஏற்றத்தாழ்வு என்றார். மேலே இருப்பவனுக்கு வணக்கம், கீழே இருப்பவனுக்கு வசவு. ஒவ்வொருவனுக்கும் அவனவன் இடம் தெரியும். இந்த அரசின் வெளியுறவு மொழி அந்தப் படிக்கட்டை அப்படியே நாடுகளுக்கும் போட்டு வைத்திருக்கிறது. வாஷிங்டனுக்கு ஒரு வாய், தோஹாவுக்கு ஒரு வாய், டாக்காவுக்கு ஒரு வாய்.

அந்த மூன்றாவது வாயில் வருகிற சொற்களைத் தனியாகப் பார்க்க வேண்டும். 2018 செப்டம்பரில் ராஜஸ்தானில், கட்சித் தலைவராக இருந்தபோது, சட்டவிரோதக் குடியேறிகளைக் கரையான்களோடு ஒப்பிட்டார் அமித் ஷா. 2019 ஏப்ரலில் மேற்கு வங்கத்தின் ராய்கஞ்சில், ஒவ்வொருவராகப் பிடித்து வங்காள விரிகுடாவில் வீசுவோம் என்றார். கரையான் என்பது வெறும் வசவு அல்ல. அது தானியத்தைத் தின்னும், வீட்டை அரிக்கும், கூட்டமாக வரும், மருந்தடித்துக் கொல்லலாம், கொன்றால் பாவமில்லை. ஒரு மனிதக் கூட்டத்தைத் தீட்டாகவும் பூச்சியாகவும் பார்க்கிற பழக்கம் தேர்தல் மேடையில் பிறந்ததல்ல. சேரிக்குள் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரண்டாயிரம் ஆண்டாக உள்ளூரில் பழகிய மொழிக்கு இப்போது கடவுச்சீட்டு எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

சரி, இதனால் என்ன நடந்தது?

2019 டிசம்பர் 11ஆம் தேதி குடியுரிமைத் திருத்தச் சட்டம் மாநிலங்களவையில் நிறைவேறியது. அந்த விவாதத்தில் வங்கதேசத்தைப் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தானோடு சேர்த்துச் சிறுபான்மையினரை வதைக்கும் நாடாக உள்துறை அமைச்சர் அடுக்கினார். இந்தியாவுக்கு அன்று தெற்காசியாவில் அதைவிட நெருக்கமான அரசு கிடையாது. மறுநாளே வங்கதேச வெளியுறவு அமைச்சர் அப்துல் மோமன் தன் டெல்லிப் பயணத்தை ரத்து செய்தார். உள்துறை அமைச்சர் அசதுஸ்ஸமான் கானின் மேகாலயா பயணமும் நின்றது. அசாம் குடிமக்கள் பதிவேடு குறித்துக் கவலைப்பட வேண்டாம் என்று அதே ஆண்டு செப்டம்பரில் நியூயார்க்கில் பிரதமர் மோடி ஷேக் ஹசீனாவுக்கு உறுதி கொடுத்திருந்தார். பதிவேட்டின் இறுதிப் பட்டியலில் விடுபட்டவர்கள் 19 லட்சத்துக்கும் மேல். அவர்களை எங்கே அனுப்புவீர்கள் என்று டாக்கா கேட்டால் 'அது எங்கள் உள்நாட்டு விவகாரம்' என்பது பதில். மேடையில் 'வங்கதேசி', கடிதத்தில் 'உள்நாட்டு விவகாரம்'.

உள்நாட்டு விவகாரம் என்ற இந்தச் சொல் நமக்குப் பழைய நண்பன். 2001இல் டர்பனில் நடந்த ஐ.நா. இனவெறி எதிர்ப்பு மாநாட்டில் தலித் அமைப்புகள் சாதியை உலகத்தின் முன் வைக்கப் போனபோது, சாதி வேறு இனம் வேறு, இது எங்கள் வீட்டுப் பிரச்சினை என்று இந்திய அரசு அடைத்தது. அங்கே பேசியவர்கள் மிகப் பண்பான, நயமான ஆங்கிலம் பேசிய அதிகாரிகள். அதனால்தான் நயமான மொழி வேண்டும் என்று கேட்கிறவர்களோடு என்னால் சேர முடியவில்லை. நயமான மொழியால் நம்மை மூடி வைத்த வரலாறு நமக்கு இருக்கிறது.

2021 வசந்த காலம் இன்னும் வேடிக்கையானது. மார்ச் 26, 27 தேதிகளில் வங்கதேச விடுதலையின் பொன்விழாவுக்கு மோடி டாக்கா போனார். அவர் வருகையை எதிர்த்த போராட்டங்களில் பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள். 27ஆம் தேதி கோபால்கஞ்ச் மாவட்டத்தின் ஒராகாண்டி கிராமத்துக்குப் போய் வழிபட்டார். மதுவா இயக்கத்தைத் தொடங்கிய ஹரிசந்த் தாக்கூரின் ஊர் அது. பார்ப்பனச் சடங்குகளை ஒதுக்கி, தீண்டப்படாதவர்களாக ஒதுக்கப்பட்ட நாமசூத்திரர்களைத் திரட்டிய இயக்கம். அன்றைக்கே மேற்கு வங்கத்தில் முதல்கட்ட வாக்குப்பதிவு என்பது தற்செயலாக இருக்கலாம்! இரண்டு வாரம் கழித்து, வங்கதேசத்து ஏழைகள் அங்கே சோறு கிடைக்காமல்தான் இந்தியாவுக்கு வருகிறார்கள் என்று ஒரு வங்காள நாளிதழுக்குப் பேட்டி கொடுத்தார் அமித் ஷா. சென்ற மாதம் கும்பிட்ட மண், இந்த மாதம் பஞ்ச பூமி.

மோமன் சும்மா இருக்கவில்லை. அவருக்கு வங்கதேசத்தைப் பற்றித் தெரிந்தது குறைவு என்றார். எங்கள் நாட்டில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் நல்ல கழிப்பறை பயன்படுத்துகிறார்கள், இந்தியாவில் பாதிக்கு மேல் அது இல்லை என்று குத்தினார். 2020இல் தனிநபர் வருமானத்தில் வங்கதேசம் இந்தியாவை முந்தும் என்று பன்னாட்டு நிதியம் கணித்திருந்த நேரம். எங்கள் ஆய்வு மாணவர் அறையில் இந்தப் பதிலைப் படித்துக் கைதட்டினார்கள். எனக்கு அந்தக் கழிப்பறையில் மனம் நின்றுவிட்டது. இரண்டு நாட்டு அமைச்சர்களும் யார் வீட்டில் கழிப்பறை இருக்கிறது என்று சண்டை போடுகிறார்கள். இரண்டு நாட்டிலும் அதைக் கழுவுகிறவர்கள் யார்? டாக்காவின் துப்புரவுத் தொழிலாளர்கள் பலர், ஆங்கிலேயர் காலத்தில் ஆந்திரத்திலிருந்தும் கான்பூரிலிருந்தும் கூட்டிச் செல்லப்பட்ட தலித்துகளின் வாரிசுகள். அவர்கள் குடியிருக்கும் மிரன்ஜில்லா காலனியை 2024 ஜூனில் அந்த மாநகராட்சி இடிக்க வந்தது. அந்தக் காலனிக்காக எந்த நாட்டுத் தூதரையும் யாரும் அழைத்துக் கண்டிக்கவில்லை.

2024 ஆகஸ்ட் 5ஆம் தேதி மாணவர் எழுச்சிக்கு அஞ்சி ஹசீனா டெல்லிக்குத் தப்பி வந்த பிறகு, எல்லாம் வெளியே வந்தது. எல்லை நீர், துப்பாக்கிச் சூடு, வணிகம் என்று அந்த இளைஞர்களிடம் இந்தியா மீதான கோபத்துக்குக் காரணங்கள் பல. சொற்களால் மட்டுமே உறவு கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தலைமுறை பள்ளிக்கூடம் போன வயதிலிருந்து அலைபேசியில் கேட்டு வளர்ந்தது 'கரையான்' என்ற சொல்லை. ஹசீனா பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கியதை அவர்கள் விழுங்கத் தேவையில்லை. புதிய ஆட்சியும் யோக்கியமாகப் பேசவில்லை. 2025 மார்ச் இறுதியில் சீனா போன முகமது யூனுஸ், இந்தியாவின் ஏழு வடகிழக்கு மாநிலங்களுக்குக் கடல் இல்லை, அந்தப் பகுதிக்குக் கடலின் காவலன் நாங்கள்தான் என்று பேசினார். அது டெல்லிக்குச் சுருக்கென்றது. ஏப்ரல் 8ஆம் தேதி வங்கதேசச் சரக்குகள் இந்தியா வழியாக மூன்றாம் நாடுகளுக்குப் போகும் வசதி நிறுத்தப்பட்டது. காரணம் துறைமுக நெரிசல் என்றார்கள். அங்கிருந்து தரைவழியாக இந்திய நூல் இறக்குமதிக்குத் தடை. இங்கிருந்து மே 17ஆம் தேதி தரைவழியாக ஆயத்த ஆடை வருவதற்குத் தடை.

தடை விழுந்த தரைவழிகளில் பெரியது பெட்ராபோல். அது இருப்பது வனகாவ்ன் பகுதியில். தனித் தொகுதி, நாமசூத்திரர்களும் மதுவாக்களும் நிறைந்த இடம். எல்லையில் மூட்டை தூக்குகிறவர், லாரி ஓட்டுகிறவர், பணம் மாற்றித் தருகிறவர், டீக்கடைக்காரர் எல்லாருக்கும் பிழைப்பு அந்த வாயிலில்தான். இன்னொரு முனையில் நம் வேலூர். மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் விடுதிப் பலகைகள் வங்காளத்தில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். விசா இறுகினால் அங்கே அறை காலியாகும், டாக்காவின் நோயாளி வேறு நாடு தேடுவார், அல்லது தேட வசதியில்லாமல் வீட்டிலேயே கிடப்பார். மேடையில் பேசியவருக்கு இதில் எந்த நட்டமும் இல்லை.

சொல் வெளியுறவை மட்டும் கெடுப்பதில்லை, உள்ளே இருக்கிற ஆளையும் வெளிநாட்டவன் ஆக்குகிறது. 2025இல் டெல்லிக் காவல்துறை ஒரு கடிதத்தில் வங்காள மொழியை 'வங்கதேச மொழி' என்று எழுதியது. தாகூரின் மொழி இந்தியாவில் மட்டும் கோடிக்கணக்கானோர் பேசும் மொழி என்பது தெரியாத காவல் நிலையம் இருக்க முடியாது. அந்த ஆண்டு மே 7 முதல் ஜூன் 15 வரை 1,500 பேருக்கு மேல் எல்லை தாண்டித் தள்ளப்பட்டதாக வங்கதேச எல்லைக் காவல் படையை மேற்கோள் காட்டி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் எழுதியது. அப்படித் தள்ளப்பட்டவர்களில் இந்தியக் குடிமக்களும் இருந்தார்கள். மேற்கு வங்க அரசு தலையிட்டுச் சிலரைத் திரும்ப அழைத்து வந்தது. பிடிபட்டவர்கள் கட்டட வேலைக்கும் குப்பை பொறுக்கவும் போன ஏழை முஸ்லிம்கள். கரையான் என்று மேலே சொன்னால், கீழே இருக்கும் காவலர் மருந்தடிக்கிறார்.

இதில் நாம் கூசாமல் பேச வேண்டிய இன்னொரு பக்கமும் உண்டு. வங்கதேசத்தில் இந்துக்கள் மீது தாக்குதல் நடக்கிறது. அது உண்மை. அடிபடுகிறவர்களில் கணிசமானோர் நாமசூத்திரர் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட சாதியினர். பிரிவினையின்போது நிலமும் தொடர்பும் இருந்த மேல்சாதியினர் முதலிலேயே கல்கத்தா வந்துவிட்டார்கள். விட்டுவர வழியில்லாதவர்கள் அங்கேயே தங்கினார்கள். அவர்களுக்காக இந்தியா இன்று குரல் கொடுத்தால், 'எங்களைக் கரையான் என்றவர்களா மனித உரிமை பேசுகிறீர்கள்?' என்று டாக்காவால் ஒரு நொடியில் ஒதுக்கிவிட முடிகிறது. அங்கே உள்ள மதவாதிகளுக்கு இதைவிட வசதியான பதில் கிடைக்காது. டெல்லி தன் சொல்லின் மதிப்பை மேடையில் செலவழித்துவிட்டது. அதற்கான விலையை பாரிசாலிலும் குல்னாவிலும் ஒரு தலித் குடும்பம் கொடுக்கிறது.

பாரிசால் என்றதும் ஒரு பெயர் சொல்ல வேண்டும். 1946இல் அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபைக்குள் நுழையக்கூடாது என்று பம்பாயில் எல்லாக் கதவையும் காங்கிரஸ் அடைத்தபோது, வங்காள சட்டமன்றத்திலிருந்து அவரைத் தேர்ந்தெடுத்து அனுப்ப ஆதரவு திரட்டியவர் பாரிசாலின் ஜோகேந்திரநாத் மண்டல். நாமசூத்திரர். அம்பேத்கர் இந்தியாவின் முதல் சட்ட அமைச்சர் ஆனார், மண்டல் பாகிஸ்தானின் முதல் சட்ட அமைச்சர் ஆனார். 1950இல் பதவியை விட்டு, மனம் நொந்து இந்தப் பக்கம் வந்தார். இன்றைய அகராதிப்படி அவரும் எல்லை தாண்டி வந்தவர்தான். அவர் இந்து, எனவே அகதி என்பார்கள். பக்கத்து வீட்டு முஸ்லிம் ஊடுருவல்காரன். எல்லை தாண்டிய இடப்பெயர்வும் சாதியும் என்பதுதான் என் ஆய்வுப் பொருள். இந்த இரண்டு சொற்களுக்கும் இடையில் கோடு கிழிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்ற கேள்வியைத்தான் ஏடுகளில் திரும்பத் திரும்பச் சந்திக்கிறேன்.

அந்தக் கோடு நிலையாக நிற்பதும் இல்லை. குடியுரிமை தருகிறோம் என்ற வாக்கை நம்பித்தான் மதுவாக்களில் பெரும்பகுதியினர் 2019இல் வாக்களித்தார்கள். சட்டத்தின் விதிகள் வரவே 2024 மார்ச் ஆனது. 2025 நவம்பரில் மேற்கு வங்கத்தில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. 2002ஆம் ஆண்டுப் பட்டியலில் தன் பெயரோ பெற்றோர் பெயரோ இருப்பதைக் காட்டச் சொன்னார்கள். அதற்குப் பிறகு வந்தவர்களிடம் காட்ட ஒன்றுமில்லை. மதுவாக்களின் தலைமையிடமான தாக்கூர்நகரில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். தங்கள் பெயர் பட்டியலில் நிற்குமா என்று அவர்கள் கேட்டது, ஊடுருவல்காரர்களை ஒழிப்போம் என்று சொன்ன அதே அரசிடம்.