மருந்து செய்த தீங்கை மறைக்கலாமா?

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பர் பெரியோர். ஆனால் அளவோடு உண்ட மருந்தும் சிலருக்கு நஞ்சாவதுண்டு. உண்டவர் வாய் திறந்தாலன்றி அதை உலகம் எவ்வாறு அறியும்?

1957-ஆம் ஆண்டு மேற்கு ஜெர்மனியில் ‘தாலிடோமைடு’ என்னும் தூக்க மாத்திரை விற்பனைக்கு வந்தது. தீங்கற்றது என்று நம்பி, மசக்கைக்காகவும் தாய்மார்கள் அதை உண்டனர். விளைவு? பல நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கைகால் குறையுடன் பிறந்தன. ஜெர்மனியில் லென்ஸ், ஆஸ்திரேலியாவில் மக்பிரைடு ஆகிய மருத்துவர்கள் இம்மருந்தின் மீது ஐயங்கொண்டு எச்சரித்தனர். அதன் பின்னரே, 1961 நவம்பரில் ஜெர்மனியில் விற்பனை நின்றது.

புதிய மருந்தை விற்பனைக்கு முன் சில ஆயிரம் பேரிடமே சோதிக்க முடிகிறது. பதினாயிரத்தில் ஒருவருக்கு நேரும் தீங்கு, மிகப் பலர் உண்ட பின்னரே வெளிப்படும். ஆகவேதான் விற்பனைக்கு வந்த மருந்துகளையும் கண்காணிக்க நம் நாட்டில் 2010-இல் ஒரு தேசியத் திட்டம் தொடங்கப்பட்டது. காசியாபாத்திலுள்ள இந்திய பார்மகோபியா ஆணையம் அதை நடத்துகிறது.

பழகிய மருந்துக்கும் இக்கண்காணிப்பு தேவையே. மாதவிடாய் வலிக்கு நம்மில் பலர் உண்ணும் மெஃபெனமிக் அமில மாத்திரை பற்றி அவ்வாணையம் 2023-இல் எச்சரித்தது. அரிதாகச் சிலருக்குக் காய்ச்சல், தோல் தடிப்பு, உள்ளுறுப்புப் பாதிப்பு ஆகியவை நேரலாம். அதுவும் இரண்டு முதல் எட்டு வாரங்கள் கழித்தும் தோன்றலாம் என்றது.

தோழியரே, நாம் செய்வது என்ன? கூச்சத்தால் தாயிடமும் சொல்லாமல், தோழியின் பையிலிருந்து ஒரு மாத்திரை வாங்கி விழுங்குகிறோம். பின்னர் உடம்பு தடித்தால் வெயிற்சூடு என்கிறோம். கத்தரிக்காய் ஒவ்வவில்லை என்கிறோம். மாத்திரையை நினைப்பதே இல்லை!

மருந்து ஒவ்வவில்லை எனில் உடனே பெற்றோரிடமும் மருத்துவரிடமும் சொல்வோம். மருந்தின் பெயர், உண்ட நாள், நேர்ந்த துன்பம் ஆகியவற்றைக் குறித்து வைப்போம். 1800-180-3024 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் யாரும் தெரிவிக்கலாம். இது மருத்துவர்மீது குறை கூறுவதாகாது. பிறரைக் காக்கும் தொண்டாகும்.

பொறுமை நற்பண்பே. ஆயினும் இங்கே மௌனம் பொறுமையன்று. கோவிலூரில் ஒரு பெண் துணிந்து சொல்லும் சொல், எங்கோ முகமறியாத ஒரு சகோதரியின் உயிரைக் காக்கக்கூடும். பிறரன்புக்கு இதைவிட எளிய வழி வேறு உண்டோ?