இருபத்தைந்தாயிரம் ரூபாய் போர்டு யாருக்கு?

சொந்தமாகப் பாகம் பாகமாக வாங்கிக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய நினைப்பவரை முதலில் வந்து பிடிப்பது ஓர் உபதேசம்: "எதில் வேண்டுமானாலும் மிச்சம் பிடி, மதர்போர்டில் மட்டும் பிடிக்காதே." கடைக்காரர் சொல்கிறார், யூடியூப் தம்பிகள் சொல்கிறார்கள், போன வருடம் ஒரு சிஸ்டம் போட்ட மாமா மகனும் சொல்கிறான். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் ரயிலேறி சென்னை ரிச்சி தெருவுக்குப் போகிறவர், ஏழெட்டாயிரத்தில் முடிய வேண்டிய போர்டுக்கு இருபத்தைந்தாயிரம் கொடுத்துவிட்டு, நல்லதைத்தான் வாங்கினோம் என்ற திருப்தியோடு வீடு திரும்புகிறார். வேலைக்காகக் கம்ப்யூட்டர் கட்டுகிறவருக்கு இந்த உபதேசம் வெறும் நஷ்டம்.

பனமலையை வெளியூர்க்காரர்கள் அறிவது ராஜசிம்ம பல்லவன் குன்றின் மேல் கட்டிய தாளகிரீஸ்வரர் கோயிலுக்காகவும் அங்கே எஞ்சியிருக்கும் பார்வதி ஓவியத்துக்காகவும். அந்த ஊரில் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறார். சுற்றுவட்டார ஸ்டுடியோக்காரர்கள் ஹார்டு டிஸ்கில் படங்களைக் கொடுத்தனுப்புவார்கள். வீட்டுக் கூடத்தில் அவர் கட்டி வைத்திருக்கும் சிஸ்டத்தைப் பார்த்தேன். கண்ணாடிக் கேபினட், உள்ளே நிறம் மாறி மாறி ஒளிரும் இசட்790 போர்டு, அதில் ஐ5-12400 பிராசஸர். ராம் ஒரே ஒரு எட்டு ஜிபி.

"ஏன் தம்பி, ராம் இவ்ளோ கம்மியா போட்டிருக்க?"

"காசு போர்டுக்கே போயிடுச்சிண்ணே. போர்டு நல்லதா இருந்தா மத்ததெல்லாம் அப்புறம் ஏத்திக்கலாம்னு சொன்னாங்க."

அவர் வேலையைக் கணக்குப் பார்ப்போம். 12க்கு 36 அங்குல ஆல்பம் பக்கம், 300 டிபிஐ. அதாவது 3,600க்கு 10,800 பிக்சல். போட்டோஷாப்பில் ஒரு முழு லேயர் மட்டுமே 110 எம்பிக்கு மேல் இடம் பிடிக்கும். மணமக்கள் படம், பின்னணி, பூ வேலைப்பாடு, நிழல் என்று இருபது லேயர் ஏறினால் இரண்டு ஜிபி தாண்டிவிடும். அன்டூ செய்வதற்காக அது சேர்த்து வைப்பது தனி. எட்டு ஜிபி ராமில் விண்டோஸுக்கும் குரோமுக்கும் போக மிஞ்சுவதில் இந்த வேலை அடங்காது. போட்டோஷாப் மிச்சத்தை டிஸ்கில் எழுதத் தொடங்கும், கடைசியில் 'ஸ்க்ராட்ச் டிஸ்க் நிரம்பிவிட்டது' என்று கைவிரிக்கும். ராம் ஒற்றைக் குச்சியாக இருப்பதால் பிராசஸருக்கு நினைவகத்திலிருந்து வரும் வழியும் பாதிதான். போர்டில் நான்கு ஸ்லாட் உண்டு. மூன்று காலி.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? ஒரு காலத்தில் அது உண்மையாக இருந்தது. ராமைக் கட்டுப்படுத்தும் சிப் அப்போது போர்டின் மேல் இருந்தது, நார்த்பிரிட்ஜ் என்பார்கள். 2001இல் பென்டியம் 4 வாங்கியவர் அதைப் பழைய எஸ்டிராம் போடும் 845 சிப்செட்டில் பொருத்தினால் வேகம் குறைந்தது, ஆர்டிராம் போடும் 850இல் பொருத்தினால் கூடியது. பிராசஸர் ஒன்றே. போர்டு பார்த்து வாங்கியவர் அன்று புத்திசாலி. 2003இல் ஏஎம்டி தன் அத்லான் 64இல் அந்தக் கட்டுப்பாட்டைப் பிராசஸருக்குள்ளேயே கொண்டுபோனது. 2008இல் முதல் கோர் ஐ7 வழியாக இன்டெலும் அதையே செய்தது. அடுத்த ஆண்டு கிராஃபிக்ஸ் கார்டுக்கான பாதையும் பிராசஸருக்குள் போயிற்று. வேகத்தைத் தீர்மானித்த வேலையெல்லாம் போர்டை விட்டுப் போய் பதினைந்து வருடத்துக்கு மேலாகிறது. உபதேசம் மட்டும் போகவில்லை.

இன்று ஐ5-12400ஐ எச்610 போர்டிலும் இசட்790 போர்டிலும் மாறி மாறிப் பொருத்தி, ஒரே ராமும் ஒரே எஸ்எஸ்டியும் போட்டு ஆல்பம் செய்து பாருங்கள். எது எந்தப் போர்டு என்று உங்களால் சொல்ல முடியாது. இசட் வரிசைக்குக் கூடுதல் விலை எதற்கு? முக்கியமாக ஓவர்கிளாக் வசதிக்கு, அதாவது பிராசஸரை நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதற்கு. 12400இல் அந்த வேகத்தை ஏற்ற விடாத பூட்டை இன்டெலே போட்டு அனுப்பியிருக்கிறது. திறக்க முடியாத பூட்டுக்குச் சாவி வாங்கி வைத்திருக்கிறார் தம்பி.

"அதிக ஃபேஸ் வி.ஆர்.எம். இருக்கு, ஹீட்சிங்க் பாருங்க எவ்வளவு பெருசு" என்பது அடுத்த வாதம். எஸ்எம்பிஎஸ் என்ற மின் சப்ளைப் பெட்டி தரும் 12 வோல்ட்டைப் பிராசஸருக்கு வேண்டிய சுமார் ஒரு வோல்ட்டாக இறக்கும் பகுதி அது. ஐ9-14900கே போன்ற சிப் 253 வாட் வரை இழுக்கும் என்பதால் அதற்குப் பலமான வி.ஆர்.எம். கட்டாயம் வேண்டும், மலிவான போர்டில் அதைப் பொருத்தினால் சூடேறி வேகம் இறங்கும், அதை மறுக்கவில்லை. 12400இன் உச்சம் 117 வாட். ஐ3-12100க்கு 89. இவற்றுக்குப் பதினாறு ஃபேஸ் என்பது கால் ஏக்கர் கொல்லைக்கு இருபது குதிரைசக்தி மோட்டார்.

விலை கூடினால் பாதுகாப்பும் கூடும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை உயர்ரகப் பிராசஸர்கள் நின்று நின்று போன விவகாரம் 2024இல் உலகெங்கும் வெடித்தது. மைக்ரோகோடில் இருந்த கோளாறால் சிப்புக்கு அளவுக்கு மேல் வோல்டேஜ் போயிருக்கிறது. பல போர்டுகள் இன்டெலின் பரிந்துரையை மீறிய மின் அளவுகளோடு விற்பனைக்கு வந்ததையும் இன்டெல் ஒரு காரணமாகச் சொன்னது. சிலவற்றின் பயாஸில் மின் உச்சவரம்பு 4096 வாட் என்றிருந்தது. வரம்பே இல்லை என்று அர்த்தம். பாதிக்கப்பட்ட சிப்புகளுக்கு இன்டெல் வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்ட வேண்டி வந்தது.

இப்போது நம் ஊர்ப்பக்கம் போர்டு எதனால் சாகிறது என்று பார்ப்போம். கரண்டால் சாகிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மயிலத்தில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டத்தில் பல கிராமங்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. இப்படிப் போன கரண்ட் திரும்பி வரும் நிமிடத்தில் வோல்டேஜ் தாறுமாறாக ஏறி இறங்கும். சாதாரண நாளிலும் பம்ப்செட்டுகள் ஓடும் நேரத்தில் லைன் தாழும், நின்றதும் எகிறும். அந்த அடியை முதலில் வாங்குவது எஸ்எம்பிஎஸ். கேபினட்டோடு சேர்த்து வந்த பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ் போகும்போது போர்டையும் இழுத்துக்கொண்டு போனால், அது ஏழாயிரம் ரூபாய் போர்டா இருபத்தைந்தாயிரமா என்று விசாரிக்காது. வாரண்டியும் விசாரிக்காது: எரிந்த தடம் தெரிந்தால், பின் வளைந்திருந்தால், விலை எதுவானாலும் கையை விரிப்பார்கள்.

எர்த் இன்னொன்று. கேபினட்டின் இரும்பைத் தொட்டால் விரலில் சுர்ரென்று ஏறுகிறதா? எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே இரைச்சலை வடிகட்டும் சிறு கெப்பாசிட்டர்கள் கேபினட்டோடு இணைந்திருக்கும். எர்த் இல்லாத வீட்டில் அவற்றின் வழியே மெயின் லைனின் பாதி வோல்டேஜ், நூறு வோல்ட்டுக்கு மேல், கேபினட்டில் வந்து உட்காரும். ஆம்பியர் மிகச் சொற்பம் என்பதால் ஆளைக் கொல்வதில்லை. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிரிண்டர் ஒயரையோ மானிட்டர் ஒயரையோ சொருகினால், அந்த வோல்டேஜ் போர்டின் சின்னச் சின்ன போர்ட்டுகள் வழியே வடியப் பார்க்கும். தெருக் கம்பத்திலிருந்து செம்புக் கேபிளில் இணையம் வருகிற வீடுகளில் இடி நேரத்தில் லேன் போர்ட் போவதற்கு எந்த எஸ்எம்பிஎஸ்ஸும் பொறுப்பில்லை. அந்த அடி எஸ்எம்பிஎஸ் பக்கமே வருவதில்லை. ஒயரைப் பிடுங்கி வைப்பதற்குக் காசு ஆகாது.

"நாளைக்கு அப்கிரேட் பண்ணலாமே" என்ற கடைசி ஆயுதம் எஞ்சியிருக்கிறது. இன்டெல் 2015, 2020, 2021, 2024 என்று பிராசஸர் பொருந்தும் சாக்கெட்டை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது. 1700 பின் சாக்கெட் போர்டை எந்த விலைக்கு வாங்கியவரும் 14ஆம் தலைமுறையோடு நிற்க வேண்டியதுதான். ஏஎம்டி நீண்ட நாள் ஓட்டியது உண்மை. 2022இல் ரைசன் 5000 சிப்புகளைப் பழைய போர்டுகளுக்கும் திறந்துவிட்டபோது, விலை கூடிய எக்ஸ்370க்கும் மலிவான ஏ320க்கும் ஒரே அறிவிப்பில்தான் வழி கிடைத்தது. விண்டோஸ் 11 இன்னும் கறாராக நடந்துகொண்டது. 2017இல் இசட்270 போர்டும் ஐ7-7700கேயும் வாங்கியவரை வெளியே நிறுத்திவிட்டு, அடுத்த ஆண்டு எச்310இல் ஐ3-8100 போட்டவரை உள்ளே விட்டது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தபோது, இரண்டில் எது 'நாளைக்கு' உதவியது?

மலிவாகக் கிடைத்தால் போதும் என்று சொல்ல வரவில்லை. 2011இல் வந்த எச்61 சிப்செட்டில் செய்த போர்டுகள் இன்னமும் புதிது என்ற பெயரில் விற்கின்றன, அவற்றைத் தொடாதீர்கள். டேலி, இ-சேவை, பள்ளி வேலை என்றால் ஓரளவு புதிய எச் வரிசை போர்டு போதும். ஆல்பம், ஃபிளெக்ஸ் டிசைன், வீடியோ என்றால் எம்.2 ஸ்லாட் இரண்டும் ராம் ஸ்லாட் நான்கும் உள்ள சாதாரண பி760. அதற்கு மேல் பார்க்க வேண்டியது போர்டின் பின்பக்கம்: உங்கள் பழைய மானிட்டருக்கு விஜிஏ இருக்கிறதா, இரண்டாவது திரைக்கு எச்டிஎம்ஐ இருக்கிறதா, யூஎஸ்பி எத்தனை. மிச்சமாகும் பணத்தில் முப்பத்திரண்டு ஜிபி ராம், பேர் சொல்லத்தக்க எஸ்எம்பிஎஸ், ஒரு யூபிஎஸ், வாடிக்கையாளர் படங்களை இன்னொரு பிரதி எடுத்து வைக்க ஒரு ஹார்டு டிஸ்க். மணமேடையை இரண்டாம் முறை படம் எடுக்க முடியாது.

ரிச்சி தெருவுக்கு ரயிலேறும் முன் உள்ளூர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, மூன்றாவது பின்னில் எர்த் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வரவில்லையென்றால் முதல் செலவு அதற்கு.