குடித்தனக்காரரின் மீட்டர்

மின்கட்டணம் ஏறிவிட்டது என்ற முறையீடு எழும்போதெல்லாம், விளக்கை அணையுங்கள், விசிறியை நிறுத்துங்கள் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். நாமும் மறையுரையில் அவ்வாறு சொன்னதுண்டு. சொன்னது தவறன்று. 75 வாட் மின்விசிறி நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் சுழன்றால் இரண்டு மாதத்தில் 45 யூனிட் ஆகும். 30 வாட்டில் சுழலும் புதுவகை விசிறிக்கு 18 யூனிட் போதும். ஆயினும் ஓமலூரில் வாடகைக்குக் குடியிருக்கும் ஏழைக் குடும்பத்துக்கு இந்த அறிவுரை ஏறக்குறையக் கேலிதான். அதன் கட்டணத்தை உயர்த்துவது விசிறியன்று, வீட்டுக்காரர்.

மேட்டூர் நமக்கு அண்டை ஊர். 1934இல் கட்டி முடிந்த அணையின் நீரும், பின்னர் வந்த அனல்மின் நிலையத்தின் நிலக்கரியும் அங்கே மின்சாரமாகின்றன. அந்த மின்சாரத்துக்கு ஒரே கூரையின்கீழ் இரண்டு விலை இருப்பதேன்?

கணக்கைப் பார்ப்போம். 2016 மே 23 முதல் வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாயிற்று. இது இணைப்புக்கு உரிய சலுகை, குடும்பத்துக்கு உரியதன்று. குறை இங்கேதான் தொடங்குகிறது. வீட்டுக்காரர் ஒருவர், குடித்தனம் இரண்டு, மூவரும் 200 யூனிட் வீதம் செலவழிக்கிறார்கள் என்று கொள்வோம். 2022 செப்டம்பர் 10 முதல் நடப்புக்கு வந்த விகிதப்படி, தனித்தனி இணைப்பு இருந்தால் ஆளுக்கு ரூ.225 மட்டுமே. மூவரும் ஒரே இணைப்பில் இருந்தால் 600 யூனிட். 500ஐத் தாண்டியவர்களுக்கு, இரண்டாம் நூறுக்குரிய ரூ.2.25 விலையும் கிடையாது. 101 முதல் 400 வரை ரூ.4.50, அடுத்த நூறுக்கு ரூ.6, அதற்கடுத்த நூறுக்கு ரூ.8. ஆக ரூ.2,750. (2024 ஜூலையில் விகிதம் மீண்டும் உயர்ந்தது, கணக்கின் போக்கு மாறவில்லை.)

வீட்டுக்காரரோ துணை மீட்டர் ஒன்றை மாட்டி, யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்கிறார். இரு குடித்தனங்களிடமும் ரூ.3,200 வாங்கி, வாரியத்துக்கு ரூ.2,750 கட்டுகிறார். அவர் வீட்டு விளக்கு இலவசமாய் எரிகிறது, கையில் ரூ.450 மிச்சம். ரூ.225 கட்டியிருக்க வேண்டிய குடும்பம் ரூ.1,600 கட்டுகிறது. அதன் கையில் மின் அட்டையும் இல்லை. கேட்பதற்கு வாயும் இல்லை.

மரக்காலைச் சிறிதாக்கி, எடையைக் கள்ளமாக்கிய வணிகர்களை ஆமோஸ் சாடியதை எட்டாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஓய்வுநாள் எப்போது முடியும், கடையை எப்போது திறக்கலாம் என்று காத்திருந்தவர்கள் அவர்கள். நம் வீட்டுக்காரர்களும் ஞாயிறு திருப்பலிக்குத் தவறாதவர்களே. காணிக்கைத் தட்டில் அவர்கள் இடும் தாளில் குடித்தனக்காரரின் பணமும் கலந்திருக்கிறது என்று சொன்னால் கோபம் வருகிறது. வரட்டும்.

தண்ணீர் மோட்டாரும் படிக்கட்டு விளக்கும் பொதுச்செலவல்லவா என்கிறார்கள். ஆம், அதைத் தனியே எழுதிக் காட்டிப் பங்கிடுங்கள். தனி இணைப்புக் கொடுத்தால் குடித்தனக்காரர் வீட்டுக்கே உரிமை கோருவாரே என்கிறார்கள். இணைப்பு வீட்டுக்காரர் பெயரிலேயே இருக்கலாம். இந்த அச்சத்தில் பாதி சாக்கு. புதிய இணைப்புக்குக் கட்ட வேண்டிய தொகை சுமை என்பது மட்டும் நியாயம். அதைக் குடித்தனக்காரரோடு பேசி, தவணையாய்ப் பகிர்ந்துகொள்ளலாம்.

திருச்சபைக்குச் சொந்தமான வீடுகளை வாடகைக்கு விட்டிருக்கும் இடங்களிலும் இக்கேள்வி எழவேண்டும். நம்மை விலக்கிவிட்டுப் பிறரைக் கண்டிக்க நமக்கு உரிமை இல்லை.

தனி இணைப்பு வரும்வரை என்ன செய்வது என்று கேட்போருக்கு: வாரியத்தின் ரசீதைச் சுவரில் ஒட்டுங்கள். ரூ.2,750ஐ மூன்றாய் வகுத்தால் ரூ.917. குடித்தனக்காரர் இன்று தருவது ரூ.1,600. இடையிலுள்ள ரூ.683 எந்தப் பெயரில் வாங்கப்படுகிறது என்பதை வீட்டுக்காரர் அந்த ரசீதின் அடியிலேயே எழுதட்டும்.