விலக்கும் ஈமானும்: மும்பை வழக்கொன்றை முன்வைத்து ஒரு மறுப்பு

சமயச் சமூகமொன்று தன் உறுப்பினரை விலக்கிவைப்பது அச்சமூகத்தின் நம்பிக்கையைக் காக்கும் செயலே என்னும் கருத்து நெடுநாளாகப் பெரிய மறுப்பின்றி நிலவி வருகிறது. அதற்குச் சட்டத்தின் ஏற்பும் உண்டு. பம்பாய் மாகாண அரசு 1949-இல் இயற்றிய விலக்கத் தடைச் சட்டத்தை எதிர்த்துத் தாவூதி போஹ்ராக்களின் 51-ஆம் தாயி சையத்னா தாஹிர் சைஃபுத்தீன் வழக்குத் தொடுத்தார். 1962-இல் உச்சநீதிமன்றம் நான்கு நீதிபதிகளின் பெரும்பான்மையால் அச்சட்டத்தைச் செல்லாதது என்றது. சமயக் காரணத்திற்காக விலக்கும் அதிகாரம், அரசமைப்பின் 26(ஆ) கூறு காக்கும் சமய விவகாரங்களுள் அடங்கும் என்பதே அதன் முடிபு. உடன்படாதவர் தலைமை நீதிபதி பி.பி. சின்கா ஒருவரே. பள்ளிவாசலும் அடக்கத்தலமும் மறுக்கப்பட்ட மனிதன் தீண்டப்படாதவனின் நிலைக்குத் தள்ளப்படுகிறான் என்று கண்டு, அவர் இவ்வழக்கைத் தீண்டாமை ஒழிப்போடு இணைத்து நோக்கினார்.

பெரும்பான்மைத் தீர்ப்பின் பின்னுள்ள தத்துவ அடிப்படை ஆராயத்தக்கது. நம்பிக்கை என்பது சமூகத்தின் உடைமை. தனிமனிதன் அதில் பங்குபெறுபவன் மட்டுமே. பங்கை வழங்கியவர் அதைத் திரும்பப் பெறலாம் என்பது அது. ஆயின் குர்ஆனிய அறநோக்கில் தீர்ப்பு நாளன்று இறைவன்முன் நிற்பது ஜமாஅத் அன்று, தனித்த ஆன்மா. தன் வினைக்குத் தானே பொறுப்பேற்கும் அவ்வான்மாவின் ஈமானை, வேறொருவர் வழங்கவும் பறிக்கவும் கூடிய உறுப்பினர் சீட்டாகக் கொள்வது எங்ஙனம் பொருந்தும்? 1929-இல் சென்னைக்கு வந்து சொற்பொழிவாற்றிய இக்பாலின் சிந்தனையில் தன்னிலை பெற்ற முதன்மை அறிஞர் அறிந்ததே. அவ்வுரைகள் நிகழ்ந்த மண்ணிலேயே அது பேசப்படாது போனது வியப்புக்குரியது.

அறிவு பற்றிய வாதம் இதனினும் வலுவற்றது. வினவுதல் ஈமானைக் குலைக்கும் என்போர் கஸ்ஸாலியைத் தம் பக்கத்துச் சான்றாகக் காட்டுவர். அவர் தத்துவவாதிகளை மூன்று கருத்துகளுக்காக இறைமறுப்பாளர் என்றது உண்மையே. அதனை மறைத்தல் ஆய்வு நேர்மையன்று. ஆனால் அவரே தமது 'ஃபைஸல் அத்தஃப்ரிகா' நூலில், கிப்லாவை நோக்கித் தொழுவோரை இறைமறுப்பாளர் என முத்திரையிடும் போக்கினைக் கடுமையாகக் கண்டிக்கிறார். உள்பொருளுக்கு மெய்ந்நிலை, புலன்நிலை, கற்பனைநிலை, அறிவுநிலை, ஒப்புமைநிலை என ஐந்து படிகளை வகுத்து, நபிமொழியை இவற்றுள் ஏதேனும் ஒருபடியில் ஏற்பவர் அதனைப் பொய்யென்றவர் ஆகார் என்று நிறுவுகிறார். ஐயத்தின் வழியே தாம் உறுதிக்கு வந்த வரலாற்றைத் தனி நூலாகவே எழுதிய ஒருவரை ஐயத்திற்குத் தடைபோடத் துணைக்கழைப்பது விந்தையே.

எதிர்வாதம் ஒன்று மதிப்பிற்குரியது. சிறுபான்மைச் சமூகத்திற்கு எல்லை வேண்டும், கட்டுக் குலைந்தால் காப்பும் குலையும் என்பர். 1992-93 மும்பைக் கலவரத்தில் 900 பேர் உயிரிழந்ததாக ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் கணக்கிட்டது. அவருள் 575 பேர் முஸ்லிம்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காகச் சென்று தாராவியில் குடியேறிய தமிழ் முஸ்லிம்களுக்கு ஜமாஅத் என்பது வெறுங்கருத்தன்று. ஊர்விட்டு வந்தோர்க்கு உறவாய் நின்ற ஒன்று. இதனை எள்ளுவோர் பசியறியாதவர்.

எனினும் அதே மும்பையின் இன்னொரு செய்தி இவ்வாதத்தை நிலைகுலைக்கிறது. போஹ்ராச் சீர்திருத்த இயக்கத்தில் பங்கேற்றமைக்காக விலக்கப்பட்ட அஸ்கர் அலி எஞ்சினியர் (1939-2013), மாநகராட்சியில் பொறியாளர் பணியைத் துறந்தவர். அவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை வகுப்புக் கலவரங்களின் காரணங்களை ஆராய்வதில் செலவிட்டார். 1993-இல் சமூகம், சமயச்சார்பின்மை குறித்த ஆய்வு மையத்தை நிறுவினார். நீதி, நன்மை, அருள், ஞானம் என்னும் நான்கினையும் குர்ஆனின் அடிப்படை விழுமியங்களாக அவர் இடைவிடாது எழுதினார். எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டவரே எல்லைக்குள் இருந்தோரின் துயருக்குச் சான்றுகூறினார். காப்பு விலக்கத்தால் வருகிறது என்போர் இதற்கு விடைகூறக் கடமைப்பட்டவர்.

தாராவியின் பாவு கோர்டே, வக்கார் கான் என்னும் இருவர் கலவரத்திற்குப்பின் ஆற்றிய ஒற்றுமைப் பணியை, செம்பூரை அடுத்த டாட்டா சமூக அறிவியல் கழகத்தைச் சேர்ந்தோர் இயக்கிய 'நாதா' (2003) ஆவணப்படம் பதிவு செய்துள்ளது. அங்கும் காப்பு எல்லையைக் கடந்தே பிறந்தது.

தமிழ் ஆய்வுலகின் நிலை என்ன? 'மைலாஞ்சி' (2000) தொகுப்பின் கவிஞர் எச்.ஜி. ரசூல், கட்டுரையொன்றின் பொருட்டு 2007-இல் தக்கலையில் ஊர்விலக்கம் செய்யப்பட்டார். போஹ்ரா வழக்கில் தாயியின் தலைமைக்குப் பணிதல் சிக்கல்; இங்கோ எழுத்தே சிக்கல். இரண்டும் ஒன்றல்ல. ஆயினும் தண்டனை ஒன்றே. பதம், கண்ணி, கிஸ்ஸா, மசலா, முனாஜாத்து என இலக்கிய வகைகளை எண்ணி அடுக்கும் இஸ்லாமியத் தமிழ் ஆய்வேடுகள், இந்நிகழ்வைச் செய்தித்தாளுக்குரியதாக ஒதுக்குகின்றன. வினாவும் விடையுமாகவே நடக்கும் 'ஆயிரம் மசலா'வை 1572-இல் அரங்கேறிய தொன்மை நூலென்று போற்றிவிட்டு, வினவியவன் வெளியேற்றப்படுவதைப் பற்றி வாய்திறவாத புலமை எவருக்கு நடுநிலை?

மகாராஷ்டிரம் சாதிப் பஞ்சாயத்துகளின் கொடுமை கருதி 2016-இல் நிறைவேற்றிய சமூக விலக்கத் தடைச் சட்டம் 2017-இல் நடைமுறைக்கு வந்தது. 1962-ஆம் ஆண்டுத் தீர்ப்பை மறுஆய்வு செய்யும் வினாவை 2023 பிப்ரவரியில் ஐவர் அமர்வு ஒன்பதின்மர் அமர்வுக்கு அனுப்பிற்று. நீதிமன்றம் எவ்வாறு முடிவு செய்யினும், ஒருவனின் ஈமானை அளக்கும் கோல் எவர் கையில் உள்ளது என்னும் வினாவுக்கு ஆலிம்களும் ஆய்வாளரும் தத்தம் மொழியில் தனியே விடையளித்தாக வேண்டும். ரசூல் 2017-இல் மறைந்தார், அவரிடம் இனி எவரும் அதைச் சொல்ல இயலாது.