ஏரிக்கரை மக்களும் மலையருவியும்

 

ஐப்பசி, கார்த்திகை ஆகிய இரு திங்களையும் கூதிர்காலம் என வகுத்தனர் நம் முன்னோர். கோடையெல்லாம் காய்ந்து கிடந்த மலையிடுக்குகளில் நீர் இறங்கும் பருவம் இது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத் தொழிற்சாலைகளில் பணிபுரியும் நம் பிள்ளைகள் வார விடுமுறையில் அருவி காணப் புறப்படுவதும் இந்நாட்களில்தான். குடும்பத்தோடு நாங்களும் போகலாமா என்று தாய்மார்கள் கேட்கின்றனர். தாராளமாகப் போகலாம். ஆனால், நாம் ஏரிக்கரை மக்கள் என்பதையும், மலையில் ஓடும் நீரின் குணம் நமக்குப் பழக்கமில்லை என்பதையும் மனத்தில் இருத்திக்கொண்டு போகவேண்டும்.

நம் வட்டாரம் சமவெளி. எப்பக்கம் திரும்பினாலும் ஓர் ஏரி கண்ணில் படும். ஏரி நாள்கணக்கில் நிறையும். கலங்கல் வழிவதற்கு முன்பே ஊருக்குத் தெரிந்துவிடும். செம்பரம்பாக்கத்தின் முழு ஆழம் 24 அடி. அதன் நீர்மட்டத்தை அளந்து எழுத ஆட்கள் உண்டு, மதகைத் திறந்து மூட அதிகாரிகள் உண்டு. இத்தனை இருந்தும், 2015 டிசம்பர் தொடக்கத்தில் அவ்வேரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி வரை நீர் திறக்கப்பட்டபோது அடையாற்றங்கரை மக்கள் பட்ட துன்பத்தை நாம் மறக்கவில்லை.

காட்டாற்றுக்கு மதகும் இல்லை, காவலரும் இல்லை. நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். கண்ணுக்கு எட்டாத மேல்மலையில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். அந்த நீர் குறுகிய பாறை வழியே திரண்டு சில நிமிடங்களில் கீழே வந்து சேரும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் நிகழ்ந்தது இதுவே. மக்கள் குளித்துக்கொண்டிருக்கையில் திடீரென வெள்ளம் பாய்ந்தது. பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான். படிக்கட்டும் கைப்பிடியும் உள்ள குற்றாலத்திலேயே இந்நிலை என்றால், வழியற்ற கானகத்தில் நாம் எவ்வளவு விழிப்போடு இருக்கவேண்டும்!

நமக்கு எட்டும் தொலைவில் இருப்பது ஆந்திரத்தின் திருப்பதி மாவட்டத்து உப்பலமடுகு. தடா அருவி என்றால் நம் இளைஞர்களுக்கு விளங்கும். திருவள்ளூர், ஊத்துக்கோட்டை, சத்தியவேடு, வரதையபாளையம் என்று சென்றால் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். தெலுங்கில் ‘மடுகு’ என்பது தமிழில் நாம் ‘மடு’ என்பதே. அதாவது, நீர் தேங்கி ஆழ்ந்து கிடக்கும் பள்ளம். ஊரின் பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது, படிப்பவர்தாம் குறைவு. அருவியை நோக்கிச் செல்லும் வழியில் இத்தகைய மடுக்கள் பல. தெளிந்த நீரில் அடிப்பாறை அருகில் இருப்பதுபோல் தோன்றும். இறங்கினால் தலை மூழ்கும். மேலிருந்து குதிப்பவருக்கு நீருக்குள் மறைந்த பாறை காத்திருக்கும். நீச்சல் அறியாதவர் கரையில் அமர்ந்து காலை நனைத்துக்கொண்டால் போதும். ஒருவர் தவறி விழுந்தால் மற்றவர் உடனே பாய்வது இரண்டு ஜனாஸாவுக்கு வழிசெய்யும். நீண்ட கயிறு ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். அதுவும் இல்லையேல் துப்பட்டாக்களை முடிந்து வீசுங்கள்.

முதன்முறை செல்வோர் அடைமழை ஓய்ந்து மூன்று நான்கு நாள் கழித்துப் புறப்படுவது நன்று. புயற்சின்னம் பற்றிய அறிவிப்பு இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். வனத்துறையினர் அன்று உள்ளே விடுகின்றனரா என்பதையும் முன்னதாக விசாரித்துக்கொள்ளுங்கள். சாவடியில் தடுத்தால் வாதம் செய்யாதீர்கள்.

சுபுஹு தொழுதவுடன் கிளம்பினால் காலை எட்டு மணி அளவில் காட்டின் வாயிலை அடையலாம். போக வரப் பத்து கிலோமீட்டர் நடை என்று வைத்துக்கொள்ளுங்கள். பாறைமேல் நடக்கும் பத்து, தார்ச்சாலையில் நடக்கும் இருபதுக்குச் சமம். இங்கேதான் பலர் தடுமாறுகின்றனர். இவ்வளவு தூரம் வந்துவிட்டு அருவியைப் பாராமல் திரும்புவதா என்ற வீம்பு எழும். அதற்கு நம்மிடமே ஓர் அளவுகோல் இருக்கிறது. லுஹருடைய நேரம் எங்கே வருகிறதோ, அந்த இடமே அன்றைய பயணத்தின் எல்லை. அருவி கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் சரி, அங்கேயே உளூச் செய்து, கரையேறி மேடான இடத்தில் தொழுதுவிட்டுத் திரும்பிவிடவேண்டும். (கஸ்ரு பற்றிய விவரத்தை உங்கள் மஹல்லா இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.) நவம்பரில் மாலை ஐந்தே முக்காலுக்குள் கதிரவன் மறைந்துவிடும்; பள்ளத்தாக்கில் அதற்கும் ஒரு மணி நேரம் முன்பே இருள் கவியும்.

நீரின் நடுவிலுள்ள பாறையில் உணவு விரிக்கவே கூடாது. தெளிந்த நீர் கலங்கினால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், இரைச்சல் கூடினால், செருப்பைத் தேடாமல் பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறுங்கள். ஓடையை ஒட்டிக் கீழ்நோக்கி ஓடுவது வெள்ளத்தோடு பந்தயம் வைப்பதாகும். வேகமாய்ப் பாயும் நீர் அரையடி உயரம் இருந்தாலே வளர்ந்த ஆளையும் சாய்த்துவிடும். வெள்ளம் வடியும்வரை அக்கரையில் காத்திருப்பதில் இழுக்கு ஒன்றுமில்லை.

பெண்மக்களை வேனிலேயே அமர்த்திவிட்டு ஆண்கள் மட்டும் மலையேறும் வழக்கம் நம்மிடையே உண்டு. அது எனக்கு உடன்பாடன்று. கணுக்கால் அளவோடு நிற்கும் அங்கி, ஊசி குத்திய முக்காடு, பிடிப்புள்ள காலணி ஆகியவை இருந்தால் அவர்களாலும் நடக்கமுடியும். கூட்டத்தில் மெதுவாக நடப்பவர் யாரோ, அவருடைய நடையே அனைவரின் நடையாகட்டும். இரவு ஷிப்டு முடித்து உறங்காமல் வரும் தம்பியை மட்டும் வீட்டில் ஓய்வெடுக்கச் சொல்லுங்கள்.

பிரியாணி தேக்சாவும் வேண்டாம். நம்மவர் பயணம் என்றாலே தேக்சா முதலில் வண்டி ஏறிவிடுகிறது! இடியாப்பம், பேரீச்சம்பழம், ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் இருந்தால் போதும். காட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறச் சென்றவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் தமிழக அரசு மலையேற்றத்திற்கு விதிமுறைகள் வகுத்தது. 2024 அக்டோபரில் வழிகாட்டிகளுடன் கூடிய 40 தடங்களையும் அறிவித்தது. அவற்றுள் நம் அண்டை மாவட்டமான திருவள்ளூரின் குடியம் குகைத் தடமும் ஒன்று. அங்கே அருவி இல்லை; ஆயினும் காலுக்குப் பயிற்சியாக முதலில் அங்கே சென்றுவருவது நல்லது.

உப்பலமடுகிலிருந்து லுஹருக்குப் பின் இறங்கத் தொடங்கினால் அஸர் நேரத்தில் சாவடிக்கு வந்துவிடலாம். வண்டியில் ஏறுமுன் தலைகளை எண்ணிக்கொள்ளுங்கள். மஃரிபுக்கு ஊத்துக்கோட்டை வந்துவிடும்.