பங்கிடுமுன் ஒதுக்கி வைப்போம்



அறுவடை முடிந்து நெல் வீடு வந்து சேர்ந்ததும் உழவன் முதலில் செய்வது யாது? விதைநெல்லைத் தனியே எடுத்துக் கோட்டை கட்டி வைக்கிறான். அதற்குப் பிறகே, உணவுக்கு இவ்வளவு, கூலிக்கு இவ்வளவு, விற்பனைக்கு இவ்வளவு என்று மரக்காலைக் கையில் எடுக்கிறான். வீட்டில் எத்தகைய நெருக்கடி நேர்ந்தாலும் கோட்டையில் கை வைக்க அவன் மனம் துணிவதில்லை. நீரைப் பங்கிடுவதில் நாம் இந்த ஒழுங்கைக் கைக்கொள்கிறோமா என்பதே இம்மாதம் நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள்.

நீர்நிலைகளை வகைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பயனை வகுப்பது அரசாங்கங்கள் கண்டுபிடித்த புதுமையன்று. மதுரையைச் சூழ்ந்த சமவெளியில் எந்த ஊருக்குச் சென்றாலும் இதைக் காணலாம். ஊருணி மக்கள் குடிப்பதற்கு. அதில் கால் நனைப்பதும் துணி துவைப்பதும் கூடாது. கண்மாய் வயலுக்கு, அதற்கு வரத்துக்கால்வாய் உண்டு, மடை உண்டு, மிகை நீர் வழிந்து அடுத்த ஊர்க் கண்மாய்க்குச் செல்லக் கலிங்கு உண்டு. குட்டை ஆடுமாடுகளுக்கு. மடை திறப்பதற்கும் வயல்களுக்கு முறைப்படி நீர் பாய்ச்சுவதற்கும் ஊர் ஏற்ற ஆள் உண்டு; அவருக்கு விளைச்சலில் பங்கும் உண்டு. காக்க வேண்டியது எது, பயன்படுத்த வேண்டியது எது என்பதை எழுத்தறியாதவரும் அறிந்திருந்தனர்.

இனி நம் வைகையை நோக்குவோம். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சம், மேற்கே ஓடும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் பழைய யோசனைக்கு வேகம் கொடுத்தது. கர்னல் பென்னிகுயிக் கட்டிய அணை 1895ஆம் ஆண்டு பயனுக்கு வந்தது. மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே பெரியாற்று நீர் வைகை வடிநிலத்தை அடைந்தது. காமராசர் முதலமைச்சராயிருந்தபோது, 1959இல், ஆண்டிபட்டிக்கு அருகே வைகை அணை திறக்கப்பட்டது. இவற்றால் பெரியாறு பிரதானக் கால்வாயின் கீழ் 45,041 ஏக்கர் இருபோகமும், அக்கால்வாயிலும் திருமங்கலம் பிரதானக் கால்வாயிலுமாக 1,05,002 ஏக்கர் ஒருபோகமும் பாசனம் பெறுகின்றன. இவற்றுக்கு முன்னரே வைகையை நம்பியிருந்த பூர்வீகப் பாசனம் வேறு. அது 1,36,109 ஏக்கர்.

இந்த நீரைப் பங்கிடும் முறை கவனிக்கத்தக்கது. ஒருபோகத்துக்கு 120 நாட்கள் தண்ணீர் என்றால், முதல் 45 நாட்கள் இடைவிடாமலும் அடுத்த 75 நாட்கள் முறை வைத்தும் விடுவது வழக்கம். பூர்வீகப் பாசனத்தில் ராமநாதபுரத்துக்கு 7, சிவகங்கைக்கு 3, மதுரைக்கு 2 என்பது விகிதம். ஆற்றுக்கு அருகே, அணைக்கு அணித்தாக இருப்பவன் குறைவாகப் பெறுகிறான். மணலில் ஊறி ஊறிக் குறைந்து வரும் நீருக்காகக் காத்திருக்கும் கடைமடைக்காரன் அதிகம் பெறுகிறான். மேலே இருப்பவன் கீழே இருப்பவனை நினைத்துத்தான் மடையைத் திறக்க வேண்டும் என்னும் நீதி இந்த எண்களுக்குள் அடங்கியிருக்கிறது. கடைமடையில் கண்மாய் நிரம்பாத ஆண்டுகள் உண்டு. அப்போதெல்லாம் பூசலும் உண்டு. எனினும், பூசலிடுவதற்கு ஒரு நியாயம் எழுத்தில் இருப்பதே பெரிதன்றோ!

ஆனால் நகரம் வளர்ந்தது. வயலுக்கு அளந்த நீரில் குழாய்க்கும் பங்கு வேண்டியதாயிற்று. மதுரை மாநகருக்காக, முல்லைப் பெரியாற்று நீரை லோயர் கேம்ப் பகுதியிலிருந்தே குழாய் வழியாக நாளொன்றுக்கு 125 மில்லியன் லிட்டர் கொண்டுவரும் திட்டம் வகுக்கப்பட்டபோது, கம்பம் பள்ளத்தாக்கு உழவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். மதுரைக்குக் குடிநீர் கூடாது என்பது அவர்கள் வாதமன்று. ஆற்றின் வழியே வந்தால் வழியெங்கும் நிலம் நனையும், கிணறு ஊறும். குழாயின் வழியே போனால் எங்கள் ஊருக்கு ஈரமும் மிஞ்சாது என்பதே அவர்கள் அச்சம். குடிநீர் எல்லாவற்றுக்கும் முந்தியது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அதை எந்த இடத்தில், எந்த வழியில் எடுப்பது என்பதிலேதான் நீதியின் கேள்வி எழுகிறது.

இத்தனை பங்காளிகளுக்கு நடுவே ஒரு பங்காளியை நாம் மறந்தே போனோம். அது ஆறுதான்! 1987ஆம் ஆண்டின் தேசிய நீர்க் கொள்கை முன்னுரிமைப் பட்டியல் ஒன்றை வகுத்தது. குடிநீர், பாசனம், நீர்மின்சாரம், நீர்ப்போக்குவரத்து, தொழில் என்று அது வரிசைப்படுத்தியது. ஆற்றின் உயிர்வாழ்வுக்கென்று அதில் இடமில்லை. 2002ஆம் ஆண்டுக் கொள்கையில் சுற்றுச்சூழல் நான்காம் இடம் பெற்றது. குடிநீரையும் சுகாதாரத்தையும் அடுத்து, உயிரினச் சூழலின் குறைந்தபட்சத் தேவைக்கும் உயர்ந்த இடம் தர வேண்டும் என்ற எண்ணம் 2012ஆம் ஆண்டுக் கொள்கையில் வந்து சேர்ந்தது. இவ்வளவுக்கும் இடையில் மதுரை நகருக்குள் வைகை, ஆண்டின் பெரும்பகுதி நீரோட்டமின்றிச் சாக்கடையைத் தாங்கிக் கிடக்கும் நிலைக்கு வந்துவிட்டது.

ஆற்றுக்கு நேர்ந்தது இது. கண்மாய்களுக்கு நேர்ந்தது யாது?

வருவாய்த் துறையின் கிராமக் கணக்கில் ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு வகை உண்டு. பட்டா, நத்தம், மேய்ச்சல், புறம்போக்கு என்று பிரித்து, புறம்போக்கிலும் கண்மாய், ஊருணி, ஓடை, வாய்க்கால் என்று குறித்திருப்பர். நீர்நிலைக்கு உள்ள காவல் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. அச்சொல் மாறினால் கண்மாயின் தலையெழுத்தும் மாறும். தல்லாகுளம் கண்மாய்ப் பரப்பில் இன்று மாநகராட்சி அலுவலகம் நிற்கிறது. 2004இல் தொடங்கிய உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உலகனேரிக் கண்மாய்ப் பரப்பில் எழுந்தது. தென்மாவட்ட மக்கள் நீதி கேட்டுச் சென்னை வரை அலையாதிருக்க அம்மன்றம் தேவைதான். அலுவலகமும் பேருந்து நிலையமும் தேவைதான். ஆனால் தேவை எழும்போதெல்லாம் கண் முதலில் கண்மாயின்மேல் படுவது ஏன்?

அதற்குச் சொல்லப்படும் காரணம் ஒன்றே: "ஆயக்கட்டு வீட்டு மனையாகிவிட்டது, பாசனம் இல்லாத கண்மாய் எதற்கு?" கேட்பதற்கு நியாயம்போல் தோன்றும் இவ்வாதத்தில் ஒரு பெரும் பிழை ஒளிந்திருக்கிறது. கண்மாய் வயலுக்கு நீர் கொடுத்தது உண்மை. அதே வேளையில் சுற்றுவட்டாரக் கிணறுகளை ஊற வைத்தது. கோடையில் ஆடுமாடுகளுக்கும் பறவைகளுக்கும் புகலிடமாயிற்று. பெருமழை நாளில் ஊருக்குள் பாயவேண்டிய வெள்ளத்தைத் தன் மடியில் ஏந்திக்கொண்டது. இவை எவையும் கணக்கில் எழுதப்படவில்லை. ஒரே ஒரு பயனை வைத்து ஒரு நீர்நிலைக்குப் பெயரிட்டால், அப்பயன் மறைந்த நாளில் நீர்நிலையும் மறைந்துவிடுகிறது. முதுமையடைந்து வேலைக்குச் செல்ல இயலாத பெற்றோரை, சம்பாத்தியம் இல்லை என்று சொல்லி வீட்டை விட்டு வெளியேற்றுவோமா?

கணக்கில் எழுதாத பயனை மழை வந்து நினைவூட்டும். 2024 அக்டோபர் 25 அன்று மதுரையில் 15 நிமிடங்களுக்குள் 4.5 சென்டிமீட்டர் மழை கொட்டியது. செல்லூர் கண்மாயும் பந்தல்குடி வாய்க்காலும் கொள்ளாமல், வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. ஒரு கண்மாயின் மிகை நீரை அடுத்த கண்மாய் வாங்கிக்கொள்ளும் தொடர்ச்சி அறுந்துபோன நகரத்தில், வெள்ளத்துக்குப் போக்கிடம் வேறு ஏது?

சட்டம் உறங்கிவிடவில்லை. குளத்தின் ஒரு பகுதி நீரின்றிக் கிடக்கிறது என்பதால் அது வீட்டு மனையாகிவிடாது என்று 2001இல் உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரப் பிரதேச வழக்கில் நிலைநாட்டியது. நீர்நிலைகளைக் கண்டறிந்து ஆக்கிரமிப்புகளை அகற்றுமாறு 2005இல் சென்னை உயர் நீதிமன்றம் தமிழக அரசுக்கு ஆணையிட்டது. ஏரி, கண்மாய்களைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007இல் தனிச்சட்டமே பிறந்தது.

இங்கே நாம் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சட்டத்தின் இயந்திரம் வரும்போது முதலில் இடிபடுவது பெரும்பாலும் ஏழையின் குடிசையே. போக இடமின்றிக் கண்மாய்க் கரையில் ஒதுங்கியவனுக்கு வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பும் கொடுத்து, வாக்காளர் பட்டியலிலும் பெயர் சேர்த்த பின்பு, ஒரு நாள் காலையில் "நீ ஆக்கிரமிப்பாளன்" என்று சொல்வது எவ்வகை நீதி? கண்மாய் காக்கப்பட வேண்டும். அதற்குரிய விலையை ஏழை மட்டும் செலுத்தக் கூடாது. மாற்றிடம் கொடுத்து, பிள்ளைகளின் பள்ளிக்கும் பெற்றோரின் பிழைப்புக்கும் வழி பார்த்து, அதன் பின்னரே அகற்ற வேண்டும்.

காவல் என்று எழுதிவைத்தால் மட்டும் போதுமா? மேலூருக்கு அருகேயுள்ள அரிட்டாபட்டி இதற்கு விடை கூறும். ஏழு குன்றுகளும், மழைநீரைத் தேக்கும் நீர்நிலைகளும் சுனைகளும் நிறைந்த அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியில் 193.215 ஹெக்டேர் நிலத்தைத் தமிழகத்தின் முதலாவது பல்லுயிர் பாரம்பரியத் தலமாக 2022 நவம்பரில் மாநில அரசு அறிவித்தது. இரண்டே ஆண்டுகள் கழித்து, 2024 நவம்பரில், அத்தலத்தின் ஒரு பகுதியையும் சேர்த்து ஏறத்தாழ 2,015 ஹெக்டேர் பரப்பில் டங்ஸ்டன் எடுக்கும் சுரங்க உரிமை மத்திய அரசின் ஏலத்தில் ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்குப் போயிற்று. ஓர் ஏட்டில் காக்க வேண்டிய இடம். மற்றோர் ஏட்டில் தோண்ட வேண்டிய இடம்! டங்ஸ்டன் நாட்டுக்கு வேண்டிய கனிமம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் குன்றைத் தோண்டினால் குன்றின் அடியிலுள்ள கண்மாய்க்கு நீர் எங்கிருந்து வரும்? கிராம சபைகள் தீர்மானம் நிறைவேற்றின. சட்டமன்றமும் எதிர்த்துத் தீர்மானித்தது. உழவர்கள் திரளாக மதுரைக்கு நடந்து வந்தனர். 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்துச் செய்தது. எல்லைக் கல்லுக்கு உட்பட்ட நிலத்தை மட்டும் காத்தால் நீரைக் காக்க முடியாது. நீர் பிறக்கும் இடமும் ஓடி வரும் வழியும் சேர்ந்தே நீர்நிலை என்பது இதில் நாம் கற்கும் பாடம்.

அப்படியாயின் வளர்ச்சிக்கும் பாதுகாப்புக்கும் நடுவே வழி உண்டா? வெளிநாடு ஒன்றைக் காட்டலாம். நிறவெறி ஆட்சி நீங்கிய தென்னாப்பிரிக்கா 1998இல் புதியதொரு நீர்ச் சட்டம் இயற்றியது. மக்களின் அடிப்படைத் தேவைக்கும் ஆற்றின் உயிர்வாழ்வுக்கும் வேண்டிய நீரை அச்சட்டம் முதலில் ஒதுக்கி வைக்கிறது. அடிப்படைத் தேவை என்று ஆளுக்கு நாளொன்றுக்கு 25 லிட்டரைக் கணக்கிடுகின்றனர். அந்த ஒதுக்கீட்டுக்குப் பின் மீந்த நீரே வயலுக்கும் ஆலைக்கும் பங்கிடப்படும். நீர்நிலைகளையும் குறைவாகப் பயன்படுத்துவன, நடுத்தரமாகப் பயன்படுத்துவன, மிகுதியாகப் பயன்படுத்துவன என மூவகையாக்கி, ஒவ்வொன்றிலும் எவ்வளவு வரை கை வைக்கலாம் என்று வரையறுக்கின்றனர். மிகுதியாகப் பயன்படுத்தும் ஆற்றுக்கும் ஒரு கீழ் எல்லை உண்டு. அதற்குக் கீழே எவரும் இறங்கலாகாது. அங்கும் சட்டத்தை நடைமுறைப்படுத்துவது எளிதாயிருக்கவில்லை. எனினும் வரிசை சரியானது. நம் உழவனின் விதைக்கோட்டைதான் அங்கே சட்டமாகியிருக்கிறது. தூய குடிநீர் ஒவ்வொரு மனிதரின் அடிப்படை உரிமை என்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் தம் சுற்றுமடலில் வலியுறுத்தியதும் இந்த வரிசையையே அல்லவா?

குடும்பங்களாகிய நாம் செய்யக்கூடியது என்ன என்று கேட்பீர்கள். மூன்றைச் சொல்வோம்.

முதலாவது, உங்கள் ஊர்க் கண்மாயும் ஊருணியும் கணக்கில் எந்தப் பெயரில் இருக்கின்றன என்று அறிந்துகொள்ளுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள 'அ' பதிவேட்டில் அது இருக்கும், இணையத்திலும் பார்க்கலாம். கல்லூரியில் பயிலும் மகனோ மகளோ ஒரு மாலைப் பொழுதில் முடிக்கக்கூடிய வேலை இது. கண்மாயைப் பார்ப்பதோடு நில்லாமல், வரத்துக்கால்வாயின் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். கால்வாய் போனபின் கண்மாய் இருந்தும் பயனில்லை.

இரண்டாவது, கிராம சபைக்குச் செல்லுங்கள். தமிழகத்தில் ஆண்டுக்கு ஆறு முறை அது கூடுகிறது. அவற்றுள் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். வகைமாற்றம் பற்றிய பேச்சு எழுந்தால், "பாசனம் இல்லை, சரி. இதன் மற்றப் பயன்களை இனி எது செய்யும்?" என்று அமைதியாகக் கேளுங்கள். விடை கிடைக்கும் வரை கேளுங்கள்.

மூன்றாவது, மனை வாங்குமுன் அது முன்பு எதுவாயிருந்தது என்று விசாரியுங்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று கண்மாயின் உள்வாயில் வீடு கட்டுகிறவன், தன் பேரப்பிள்ளைகளுக்கு வெள்ளத்தையும் வறண்ட ஆழ்துளைக் கிணற்றையும் ஒருங்கே சொத்தாக எழுதி வைக்கிறான்.

நீர் நமக்கு முன்னிருந்தவர்கள் விட்டுச் சென்றது. நமக்குப் பின் வருவோருக்கும் உரியது. இடையில் நாம் கலிங்குபோல் நிற்கிறோம். வேண்டியதைத் தேக்கிக்கொண்டு, மற்றதைக் கீழே உள்ளவருக்கு விட்டுக்கொடுப்பதே கலிங்கின் வேலை. அதை அடைத்துவிட்டால் கரையே உடையும். பங்கிடுமுன் ஒதுக்கி வைப்போம், ஒதுக்கியதைக் காப்போம்.